காது வெட்டிய பன்றியும் வண்டி ஏறிய நாயும்

மகன் வீட்டில் தங்குவதற்காக டெக்சாஸ் போயிருந்தபோது ஒரு மாலை பெட்ரோல் பங்கில் நின்றோம். பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்புறம் காற்றுத் துளையுள்ள தகரப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் இரண்டு நாய்கள். சாம்பல் உடம்பில் கரும்புள்ளிகள். ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் வெளிர் நீலம். "கட்டஹூலா, பன்றி வேட்டைக்கு" என்றார் வண்டிக்காரர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச வராது. மகன்தான் இடையில் நின்று பேசினான்.

கட்டஹூலா என்பது லூசியானாவில் ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். 1682-இல் லா சால் அந்தப் பிரதேசத்துக்குப் பதினான்காம் லூயியின் பெயரைச் சூட்டியதும், 1803-இல் நெப்போலியன் அதை விற்றதும் நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்தவை. இந்த நாய்க்குப் பிரெஞ்சு மேய்ப்பு நாயின் ரத்தம் உண்டென்று ஒரு கதை இருக்கிறது. எனக்கும் ஆசைதான், ஆனால் கதை கதைதான். 1979-இல் லூசியானா இதைத் தன் மாநில நாயாக அறிவித்தது.

வேட்டை நடப்பது இப்படி. வண்டி வயலோரமாக ஊர்ந்து போகும். மேலே நிற்கும் நாய்கள் காற்றில் மோப்பம் பிடித்துக் குரைக்கும். உடனே அவிழ்த்து விடுவார்கள். அவை பன்றியைத் தேடிப்போய் மறித்து, சுற்றிச் சுற்றிக் குரைக்கும், கடிக்காது. கழுத்துப்பட்டையில் உள்ள ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த பிடிநாய்க்குத் தடித்த கவசம் மாட்டிக் கொண்டுபோவார்கள். அது காதைக் கவ்வும். மனிதர் பின்னங்கால்களைப் பிடித்துக் கட்டுவார், அல்லது கத்தியால் முடிப்பார்.

பழக்குவதில் கடினமானது, எதைச் செய்யக்கூடாது என்று கற்றுத் தருவதாம். மானைத் துரத்தக்கூடாது, மாட்டைச் சீண்டக்கூடாது, ஓடும் வண்டியிலிருந்து குதிக்கக்கூடாது. குட்டியை அனுபவப்பட்ட நாயோடு விட்டு, பட்டியில் ஒரு சிறு பன்றியைக் காட்டிப் பழக்குவார்கள். தந்தத்தின் மேல் பாய்கிற தைரியசாலி நெடுநாள் வாழாது. பயமும் கொஞ்சம் வேண்டும்.

கொல்வதற்குக் கடிக்காத நாய் எதற்கு? விடுதி திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை. பிறகு படித்துத்தான் விளங்கியது.

1539-இல் டி சோட்டோ என்ற ஸ்பானியர் 13 பன்றிகளோடு ஃபுளோரிடாவில் இறங்கினார். மூன்றே ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்காயின. பின்னால் வந்த குடியேறிகளும் தங்கள் பன்றிகளைக் காட்டில்தான் மேயவிட்டார்கள். வேலி பயிரைச் சுற்றித்தான், விலங்கைச் சுற்றியல்ல. யாருடைய பன்றி என்பதற்குக் காதில் வெட்டு: நுனி வெட்டு, பக்கக் கீறல், துளை. அந்தக் குறியைக் கவுண்டி கிளார்க் தன் பதிவேட்டில் ஏற்றுவார். டெக்சாஸ் சட்டப்படி பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். (வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதியவன் நான். ஒருவன் தன் பன்றியின் காதை என் மேசை முன் விவரிப்பதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.)

அந்தப் பன்றிகளைக் காட்டிலிருந்து சேர்க்கத்தான் இந்த நாய்கள். நாய் சீண்டும், மந்தை குட்டிகளை நடுவில் வைத்து வட்டமாக நிற்கும். நாய் பின்வாங்கும், கோபத்தோடு பன்றிகள் துரத்தும். இப்படியே பட்டிவரை இழுத்து வந்துவிடும். 1956-இல் ஃபிரெட் கிப்சன் எழுதிய 'ஓல்ட் யெல்லர்' நாவலிலும் பன்றிகளுக்குக் காது வெட்டும் காட்சி உண்டு. கடித்தால் நஷ்டம் எஜமானுக்கு. கடிக்காத குணம் அங்கிருந்து வந்தது.

1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பதிவாயிற்று. ஒவ்வொரு கவுண்டியாக, விலங்கைத்தான் அடைக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. அகப்படாத பன்றிகள் காட்டிலேயே தங்கின. 1930-களில் வேட்டைக்கென்று கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்தன. இன்று அமெரிக்கா முழுவதும் 60 லட்சத்துக்கு மேல் என்கிறது அரசின் மதிப்பீடு. எந்தப் பேரேட்டிலும் இல்லாத பன்றிகள். நாய் அதே வேலையைச் செய்கிறது, அதேபோல் மறித்துக் குரைக்கிறது. முன்பு வட்டத்தின் முடிவில் பட்டி இருந்தது, இப்போது கத்தி. வண்டியால் நாயின் கால்வலி குறைந்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்புமுன் அதே பங்கில் அவரை மறுபடி பார்த்தேன். காதில் குறியுள்ள பன்றி எப்போதாவது கிடைத்ததா என்று மகனைக் கேட்கச் சொன்னேன். இல்லையாம். ஆனால் அவருடைய தாத்தாவின் குறி அவருக்கு ஞாபகம் இருந்தது. தன் இடது காதின் நுனியை விரலால் மடக்கிக் காட்டினார். பிறகு வலது காதின் கீழே நகத்தால் இரண்டு கோடுகள்.