கருங்கூடாரம்: பாலைக் காற்றைத் தாங்கிய மயிர் வீட்டின் வரலாறு

கருங்கூடாரம் என்பது வெள்ளாட்டு மயிரால் நெய்த பட்டைகளைத் தைத்து இணைத்து, கம்பங்களின் மேல் கயிறுகளால் இழுத்துக் கட்டப்படும் நாடோடி மக்களின் குடியிருப்பு ஆகும். அரபு மொழியில் இது 'பைத் அல்-ஷஅர்' எனப்படும்; 'மயிர் வீடு' என்பது அதன் பொருள். மொரோக்கோ முதல் அரேபியா, ஈரான், பலூசிஸ்தான் வழியாகத் திபெத் வரை இவ்வகைக் கூடாரங்கள் பரவியுள்ளன. திபெத்தில் ஆட்டு மயிருக்குப் பதிலாக யாக் எருதின் மயிர் பயன்படுகிறது. இக்கட்டுரை அரேபியப் பாலைவனத்தில் வாழ்ந்த பெதூயின் மக்களின் கூடாரத்தைப் பற்றியது.

காற்றும் புழுதியும் ஓயாத நிலத்தில் இக்கூடாரம் நூற்றாண்டுகளாக நிலைத்ததற்குத் துணியின் உறுதி மட்டும் காரணமன்று. மயிரைத் தேர்ந்து நெய்வது, இடம் பார்த்து நிறுத்துவது, காற்றின் போக்குக்கேற்பச் சுவரை மாற்றுவது என்னும் மூன்று வேலைகளில்தான் அதன் வலிமை இருந்தது. இவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள்.

தொன்மைச் சான்றுகள்

அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினிவே அரண்மனைச் சுவர்களில் அரபுக் குழுக்களுக்கு எதிரான போர் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிற்பம் இன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அசீரிய வீரர்கள் அரபுக் கூடாரங்களுக்குத் தீ வைக்கும் காட்சி இடம்பெற்றுள்ளது.

விவிலியத்தின் உன்னதப்பாட்டில் கருமைக்கு உவமையாகக் கேதாரின் கூடாரங்கள் கூறப்படுகின்றன. கேதார் வட அரேபியாவைச் சேர்ந்த குலம். யாத்திராகமம் 26ஆம் அதிகாரம் ஆட்டு மயிரால் நெய்யப்படும் 11 மூடுதிரைகளைக் குறிப்பிடுகிறது. ஒவ்வொன்றும் 30 முழ நீளமும் 4 முழ அகலமும் கொண்டது. நீண்ட பட்டைகளாக நெய்து, பின்னர் அவற்றை இணைத்துக் கூரையாக்கும் இம்முறையே கருங்கூடாரத்தின் அடிப்படையாகும்.

பிற்காலத்தில் ஐரோப்பியப் பயணிகளும் அறிஞர்களும் இதை விரிவாகப் பதிவு செய்தனர். 1876 முதல் 1878 வரை அரேபியாவில் அலைந்த சார்லஸ் டவுட்டி தமது பயண நூலை 1888இல் வெளியிட்டார். செக் அறிஞர் அலோயிஸ் முசில் ருவாலா பெதூயின்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. டென்மார்க் நாட்டு இனவரைவியலாளர் ஃபைல்பர்க் 1944இல் கருங்கூடாரத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். குவைத்தில் வாழ்ந்த பிரித்தானிய அதிகாரி டிக்சனின் நூல் 1949இல் வந்தது.

மயிரும் நெசவும்

மயிரைக் கையால் தக்ளியில் நூற்று முறுக்குவர். ஆட்டு மயிருடன் செம்மறியின் கம்பளி நூலைக் கலப்பதும் உண்டு. தரையில் முளைகள் அடித்து, பாவு நூலைக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டியதே தறி. ஊடை நூலை நெருக்க மான் கொம்பு உதவியது. இடம் பெயரும்போது தறியைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடலாம்.

இத்துணி காய்ந்திருக்கும்போது சற்றுத் தளர்வாக இருக்கும். உள்ளே சேரும் வெப்பக் காற்றும் அடுப்புப் புகையும் அந்த இடுக்குகள் வழியே வெளியேறும். மழை பெய்தால் முதலில் சில துளிகள் ஒழுகும். பின்னர் நூல் ஊறிப் பருத்து இடுக்குகள் அடைபடும். கரிய நிறம் அடர்ந்த நிழல் தரும்.

கூரை ஒரே துண்டாக இல்லாததால் பழுது பார்ப்பது எளிது. நைந்துபோன பட்டையைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்தால் போதும். கழித்த பட்டை பக்கச் சுவருக்கு உதவும். எனவே ஒரு கூடாரத்துக்கு இத்தனை வயது என்று சொல்ல முடியாது. தாய் நெய்த பட்டையும் மகள் நெய்த பட்டையும் ஒரே கூரையில் சேர்ந்திருக்கும்.

காற்றை எதிர்கொண்ட முறை

மத்திய ஆசியாவின் யுர்த் வகைக் கூடாரத்துக்கு மரச்சட்டக் கூடு உண்டு. மேல்போர்வையை எடுத்துவிட்டாலும் கூடு நிற்கும். கருங்கூடாரம் அப்படியன்று. கயிற்றை அவிழ்த்தால் முழுவதும் தரையில் விழும். மரம் அரிதான நாட்டில் சில கம்பங்களையும் கயிற்றின் இழுவிசையையும் கொண்டே அது நிற்க வேண்டியிருந்தது.

இழுவிசை முழுவதையும் கூரைத்துணி தாங்குவதில்லை. கூரையின் அடிப்பக்கத்தில் குறுக்காகத் தடித்த நாடாக்கள் தைக்கப்பட்டிருக்கும். கம்பங்கள் அந்த நாடாக்களையே தாங்கும். இழுகயிறுகளும் அவற்றின் முனைகளிலேயே கட்டப்படும். கயிறுகள் நீளமாகவும் தரையோடு சாய்ந்தும் செல்லும். கூரை தாழ்வாகவும் சரிவாகவும் இருப்பதால் காற்று முட்டி நிற்காமல் அதன் மேல் வழுகிச் செல்கிறது. பெருங்காற்று வீசும்போது கம்பங்களின் உயரத்தைக் குறைத்துக் கூரையை மேலும் தாழ்த்துவர். முளை பிடிக்காத மணலில், கயிற்றின் நுனியில் சுள்ளிக்கட்டைக் கட்டி ஆழமாகப் புதைப்பர்.

ஈராக்கிலும் வளைகுடாப் பகுதியிலும் வடமேற்கிலிருந்து 'ஷமால்' காற்று வீசுகிறது. எகிப்தில் தெற்கிலிருந்து 'கம்சின்' என்னும் வெப்பக்காற்று வருகிறது. கூடாரத்தின் முதுகு காற்றை நோக்கியும் திறந்த பக்கம் அதற்கு எதிராகவும் அமையும். காற்று திசை மாறினால் கூடாரத்தைப் பிரிப்பதில்லை. பின்சுவரைக் கூரையோடு பிணைத்திருக்கும் ஊசிகளைக் கழற்றி, சுவரை மட்டும் மறுபக்கத்துக்கு மாற்றுவர். ஒதுக்கமாக இருக்கிறதே என்று காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் போடுவது ஆபத்து. தொலைவில் பெய்த மழை திடீர் வெள்ளமாக அங்கே வந்து சேரும்.

மணலும் புழுதியும் காற்றில் ஒரேபோல் நகர்வதில்லை. பிரித்தானியப் படைப்பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு 1941இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். மணல் துகள்கள் தரையில் பட்டுத் துள்ளித் துள்ளி நகர்கின்றன. அவை பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கீழேயே செல்கின்றன. நுண்புழுதியோ காற்றில் மிதந்து வெகு உயரம் செல்கிறது. பெதூயின்கள் சுவரின் அடி விளிம்பை மணலிட்டு மூடியதன் பயன் இதிலிருந்து விளங்கும். மிதக்கும் புழுதியை எந்தத் துணியும் முழுவதும் தடுக்காது. தரையோடு வரும் மணலைத் தடுக்க முடியும்.

வீழ்ச்சி

20ஆம் நூற்றாண்டில் இவ்வாழ்க்கை வேகமாக மாறியது. சவூதி அரேபியா 1953இல் குலங்களின் மேய்ச்சல் காப்பு நிலங்களை ஒழித்தது. எண்ணெய்ப் பொருளாதாரம் ஆண்களைக் கூலி வேலைக்கு அழைத்தது. ஒட்டகத்தின் இடத்தைச் சரக்குந்து பிடித்தது. இஸ்ரேலில் 1950இல் வந்த சட்டம் வெள்ளாடுகளின் மேய்ச்சலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தாவரங்களைக் காப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. 'கருப்பு ஆட்டுச் சட்டம்' என்று அறியப்பட்ட இது 2018இல் நீக்கப்பட்டது. ஆடுகள் புதர்களை மேய்வது காட்டுத் தீயைக் குறைக்கும் என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருந்தது. ஆடு குறைந்தால் மயிர் குறையும். மயிர் குறைந்தால் தறி ஓய்ந்துவிடும்.

நெசவுக்கு ஆள் இல்லாத இடங்களில் ஆலைப் பருத்தித் துணி வந்தது. அது இலேசானது, மலிவானது. ஆனால் விலங்கு மயிர் எளிதில் பற்றாது. பற்றினாலும் பெரும்பாலும் கருகி அணையும். நினிவேச் சிற்பம் காட்டுவதுபோல் மூட்டிய தீயில் மயிர்க் கூடாரமும் எரியும். என்றாலும் பருத்தி எரியும் வேகம் அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டின் விலை எவ்வளவு பெரியது என்பது, நாடோடிகளின் கூடாரமல்லாத வேறொரு கூடார நகரில் தெரிந்தது. 1997 ஏப்ரல் 15 அன்று, மக்காவுக்கு அருகிலுள்ள மினாவில் ஹஜ் பயணிகள் தங்கியிருந்த கூடாரங்களில் தீப்பிடித்தது. பலத்த காற்றில் தீ பரவி ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 பேர் இறந்தனர். இறந்தவர்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் பலர். அதன்பின் அங்கே டெஃப்லான் பூசிய கண்ணாடி இழையாலான, தீப்பற்றாத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஹஜ் செல்வோர் தங்குவது இவ்வகைக் கூடாரங்களில்தான்.

இன்றைய நிலை

கூடாரப் பட்டைகளையும் திரைகளையும் நெய்யும் 'சது' நெசவை யுனெஸ்கோ 2011இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சார்பில், உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2020இல் சவூதி அரேபியா, குவைத் நாடுகளின் சது நெசவும் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று கருங்கூடாரம் விருந்தினர் மாளிகைகளிலும் சுற்றுலா முகாம்களிலும் அடையாளச் சின்னமாக நிற்கிறது. அங்கே அதன் முதுகு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் பொருட்டில்லை. பெதூயின் குடும்பத்துக்கோ கூடாரம் போடும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது அதுவாகத்தான் இருந்தது.