கறங்கும் தலை: காதுக்கும் மூளைக்கும் இடையே ஒரு வழக்கு

கருங்கல் சந்தையில் நின்று பேசுகிறவர்கள் ‘தலை சுற்றுகிறது’ என்று சொல்வது அரிது. ‘தல கறங்குது’ என்பதே வழக்கு. இதனை மலையாளத்திடம் வாங்கிய கடன் என்று கருதி முகம் சுளிக்கும் தமிழாசிரியர்களை நாம் அறிவோம். கடன் ஒன்றும் இல்லை. கறங்குதல் பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் அருவி கறங்கும், பறை கறங்கும். அங்கே ஒலித்தல் என்பது பொருள். சுழலுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. காற்றில் சுழலும் காற்றாடிக்குக் கறங்கு என்றே பெயர். ஒலியும் சுழற்சியும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், கேட்கும் உறுப்பும் உடலை நிலைநிறுத்தும் உறுப்பும் உட்செவிக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை அறிந்தபின் அச்சொல்லை முன்போல உச்சரிக்க முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க்காரர் ஒருவர், ரப்பர் பால் வெட்டுபவர், விடியற்காலையில் வேலைக்குப் போன இடத்தில் தலை கறங்கி உட்கார்ந்துவிட்டார். வாந்தி நிற்கவில்லை. அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ‘சுத்துதா, இல்ல மயக்கமா வருதா?’ என்று இளம் மருத்துவர் கேட்டார். ‘ரெண்டுந்தான் சாரே’ என்றார் அவர். கைகால்கள் அசைந்தன, முகம் கோணவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. காதுக் கோளாறு என்று சொல்லி ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏற்ற இருபுறமும் இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை அங்கிருந்த எவரும், நாம் உட்பட, ஒரு செய்தியாக எண்ணவில்லை. மூன்றாம் நாள் அவர் நினைவிழந்தார். அப்போது எடுத்த படத்தில் இரத்தம் அடைபட்ட சிறுமூளை வீங்கி, மூளைத்தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது. அறுவைக்குரிய நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

அந்த மருத்துவரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவர் கேட்ட கேள்விக்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

கருங்கல்லுக்கு அண்மையிலுள்ள நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். (எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட சாமர்வெல் பிற்காலத்தில் பணியாற்றியது இந்த நெய்யூர் மருத்துவமனையில்தான்.) ராம்சேயின் காலத்தில் தலை கறங்கியவரை நம் வைத்தியர்கள் பார்த்தால் பித்தம் என்றிருப்பார்கள். ஐரோப்பிய மருத்துவமோ, திடீரென்று தலை சுழன்று வாந்தியெடுத்து விழுகிறவருக்கு மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது என்று நம்பியது. ஆகவே அட்டை விட்டார்கள், இரத்தத்தை வடித்தார்கள். எல்லாத் தலைச்சுற்றும் மூளையின் கணக்கிலேயே எழுதப்பட்ட காலம் அது.

இந்தக் கணக்கைத் திருத்தியவர் பாரிஸில் செவிப்புலனற்றோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியேர். புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டினால் அவை நிலைகுலைந்து சுழல்வதை 1820-களில் ஃப்ளூரான்ஸ் கண்டிருந்தார். மெனியேர் அதைத் தம் நோயாளிகளோடு பொருத்திப் பார்த்தார். காது இரைகிறது, கேட்கும் திறன் குறைகிறது, கூடவே தலை சுழல்கிறது. அப்படியானால் குற்றம் மூளையினுடையதன்று, காதினுடையது என்று 1861 ஜனவரியில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் படித்த கட்டுரையில் வாதிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் பெயர் ஒரு நோய்க்கு நிலைத்ததும், அட்டைகளிடமிருந்து எத்தனையோ பேர் தப்பியதும் பின்னர் நடந்தவை.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். மெனியேர் சொன்னது உண்மை. ஆனால் ஓர் உண்மை பெருவெற்றி பெறும்போது பக்கத்திலிருக்கும் இன்னொன்றை மறைத்துவிடுவதும் உண்டு. தலைச்சுற்று மெல்ல மெல்லக் காதுக்குரிய நோயாகவே எண்ணப்படலாயிற்று. இத்தனைக்கும் 1895-இல் அடால்ஃப் வாலன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர், திடீர்த் தலைச்சுற்றோடு முகத்தின் ஒரு பக்கமும் உடலின் மறுபக்கமும் உணர்விழந்து, விழுங்கவும் முடியாமற்போன ஒருவரைப் பார்த்து, மூளைத்தண்டில் இன்ன இடத்தில் அடைப்பு இருக்கும் என்று குறித்துவைத்தார். நோயாளி இறந்தபின் நடந்த பிணக்கூறாய்வு அவர் குறித்த இடத்தை உறுதிப்படுத்திற்று. 1901-இல் அதை வெளியிட்டார். எந்தப் படக்கருவியும் இல்லாத காலத்தில் கூர்ந்து பார்த்தே அடைந்த முடிவு அது.

இனி அந்தக் கேள்வி. 1972-இல் டிராக்மன், ஹார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இருவர் தலைச்சுற்றை நான்காக வகுத்தனர்: சுழலுதல், மயங்கி விழப்போவது போலிருத்தல், நடையில் தள்ளாடுதல், இவை எவற்றிலும் அடங்காத தெளிவற்ற உணர்வு. நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதைக்கொண்டே நோயின் இருப்பிடத்தை ஊகிக்கலாம் என்பது கருத்து. பாடநூல்கள் இதனை ஏற்றன. நம் இளம் மருத்துவர் கேட்டதும் இதையேதான். 2007-இல் டேவிட் நியூமன் டோக்கரும் அவருடன் பணியாற்றியோரும் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்த வகைகளைக் கேட்டு, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் கேட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மேல் இரண்டாம் முறை வேறு பதில் சொன்னார்கள். ‘ரெண்டுந்தான் சாரே’ என்பது அறியாமையன்று. உள்ளதைச் சொன்ன பதில். சொல்லை நம்பி வாழும் நம்போன்றோருக்கு இது சற்றுக் கூச்சம் தரும் முடிவுதான். எப்போது தொடங்கியது, விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்து நீடிக்கிறதா, புரண்டு படுத்தால் மட்டும் வருகிறதா என்று கேட்பதே பயன் தரும் என்பது இன்றைய நிலை.

சொல் கைவிட்ட இடத்தில் கண் உதவிற்று. மருத்துவரின் கண்ணும் நோயாளியின் கண்ணும். சிட்னியில் ஹல்மாகி, கர்தாய்ஸ் இருவரும் 1988-இல் ஓர் எளிய சோதனையை விவரித்தார்கள். நோயாளி மருத்துவரின் மூக்கை உற்றுப் பார்க்க வேண்டும். மருத்துவர் அவர் தலையைப் பிடித்துச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். காதின் நரம்பு பழுதுற்றிருந்தால் கண்கள் தலையோடு கூடவே போய்விட்டு, பிறகு மூக்குக்குத் தாவித் திரும்பும். நரம்பு நலமாக இருந்தால் கண்கள் மூக்கைவிட்டு அசையா. இதில்தான் முரண். மணிக்கணக்காகத் தலை கறங்கி, விழிகள் துடித்துக்கொண்டிருப்பவருக்கு இச்சோதனை ‘நலம்’ என்று வந்தால் அதுவே அபாய அறிவிப்பு: காது குற்றமற்றது, ஆகவே மூளையைப் பார். இதனோடு, விழித்துடிப்பு பார்க்கும் திசைக்கேற்பத் தன் திசையை மாற்றுகிறதா என்பதையும், ஒரு கண்ணை மறைத்துத் திறந்தால் விழி மேல்கீழாக நகர்கிறதா என்பதையும் சேர்த்து ஹின்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். கட்டா, நியூமன் டோக்கர் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வரும் வாய்ப்பு மிகுந்த 101 நோயாளிகளுள் 76 பேருக்கு மூளையில் கோளாறு இருந்தது. இந்த மூன்று பார்வைகள் அடைப்பு ஒன்றையும் தவறவிடவில்லை. முதல் இரண்டு நாள்களுக்குள் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்களோ நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் தவறவிட்டன. சி.டி. ஸ்கேனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; புதிய அடைப்பை, அதிலும் தடித்த எலும்புகள் சூழ்ந்த சிறுமூளைப் பகுதியில், அது பெரும்பாலும் காட்டாது. நம் ஊர்க்காரரின் படத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்றது பொய்யில்லை. அந்தப் படத்தால் சொல்ல முடியாததை அதனிடம் எதிர்பார்த்ததே பிழை.

இதை மந்திரம்போல் எண்ணிவிடவும் கூடாது. பழகாத கைகளில் இச்சோதனை தவறுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. தலைச்சுற்று நீடித்து, விழித்துடிப்பும் இருப்பவருக்கே இது பொருந்தும். அமெரிக்க அவசர மருத்துவர்களின் கல்விக் கழகம் 2023-இல் தந்த வழிகாட்டுதலும், பயிற்சி பெற்றவர்கள் செய்க, சி.டி. படத்தை நம்பி இராதீர்கள் என்றே சொல்கிறது. மெனியேரின் அடையாளமும் இங்கே தலைகீழாகலாம். உட்செவிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகும் நாளத்திலிருந்தே கிளைக்கிறது. ஆகவே திடீரென்று ஒரு காது கேளாமற்போய்த் தலையும் கறங்கினால், அது காதின் குற்றமாக இல்லாமல் மூளைக்குச் செல்லும் குழாயின் அடைப்பாகவும் இருக்கக்கூடும்.

‘பக்கவாதம்’ என்ற நம் சொல்லும் இவ்வழக்கில் பொய்ச்சாட்சி சொல்கிறது. ஒரு பக்கம் விழுந்தால்தான் வாதம் என்று அது நமக்குக் கற்பித்திருக்கிறது. இரத்தக்குழாய் அடைப்பால் நேரும் வாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மூளையின் பின்புற நாளங்களில் நேர்வது. அங்கே கைகால் விழாமலே உயிர் போகலாம். முகம், கை, பேச்சு மூன்றையும் பார் என்ற பிரசித்தமான ஆங்கில நினைவுக்குறிப்போடு நிலைதடுமாற்றத்தையும் கண்ணையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை 2017-இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது. தலை சுற்றி அவசரப் பிரிவுக்கு வருவோரில் பக்கவாதக்காரர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே என்பதால் மருத்துவரின் கவனம் நழுவுவது இயல்பு. ஆனால் அந்தச் சிலருக்கு இன்று செய்யக்கூடியவை பல. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம் உண்டு. மூளைத்தண்டின் பெருநாளத்தில் அடைத்த கட்டியைக் குழல் செலுத்தி எடுப்பதன் பயனை 2022-இல் சீனாவில் நடந்த இரு ஆய்வுகள் நிறுவின. சிறுமூளை வீங்கும்போது பின்மண்டை எலும்பை அகற்றி இடம் தரும் அறுவையும் உண்டு. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இருக்கிறது; மேற்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா. தூரம் தடையாக இருந்த காலம் போய்விட்டது. இருவர் தாங்கினால்தான் நிற்க முடிகிறது என்பதை யாராவது ஒருவர் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து உட்காரவும் நிற்கவும் இயலாமை சிறுமூளைப் பழுதின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று என்பதை நாம் படித்தறிந்தது பிற்பாடு.

அவருடைய மனைவியை அண்மையில் சந்தையில் பார்த்தோம். துக்கம் விசாரித்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: ‘வாதம் ஒண்ணும் வரல்ல. கையும் காலும் நல்லாத்தான் இருந்து. தல கறங்கித்தான் போனாவ.’