வெள்ளித்திரையின் வெள்ளிப் பாடல்கள்

2007ஆம் ஆண்டு என்று நினைவு. பொறியியல் கல்லூரி விடுதியில் யாரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில் 'ஸ்டார் வார்ஸ்' மூன்று பாகமும் இருந்தது. ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடியே இப்படி எடுத்திருக்கானுங்களே என்று காலையில் மெஸ்ஸில் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சீனியர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "டேய், நீ பாத்தது எழுபத்தேழுல வந்த படமே இல்லடா. அதை எவனும் இப்ப பாக்க முடியாது."

அந்த வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை. கோடிக்கணக்கான பேர் பார்த்த ஒரு படம் எப்படிப் பார்க்க முடியாததாகும்?

நடந்தது இதுதான். 1977இல் வெளியான படத்தை 1997இல் ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்பெஷல் எடிஷன்' என்று புதுப்பித்துத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தார். கணினி வரைகலையில் புதிய விலங்குகள், புதிய கட்டடங்கள், புதிய காட்சிகள். 2004இல் டிவிடி வந்தபோது இன்னும் சில மாற்றங்கள்: மூன்றாம் பாகத்தின் முடிவில் ஆவியாகத் தோன்றும் முதிய நடிகர் செபாஸ்டியன் ஷாவை நீக்கிவிட்டு, பிற்காலப் படங்களில் நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார்கள். 2011இல் ப்ளூ-ரே வந்தது. அதுவரை மௌனமாக நின்று முடிவெடுத்த டார்த் வேடர், அந்தத் தட்டில் "நோ" என்று கத்தினார். பழைய வடிவம் 2006இல் ஒரே ஒருமுறை டிவிடியில் வந்தது. அதுவும் கூடுதல் இணைப்பாக, லேசர் டிஸ்க் காலத்து மங்கலான பிரதியிலிருந்து.

ரசிகர்கள் கொதித்தது பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்துக்காக. மதுக்கூடத்தில் ஹான் சோலோவும் கிரீடோவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சி. 1977இல் மேசைக்கு அடியிலிருந்து ஹான் சுட்டுவிட்டு எழுந்துபோவான். 1997இல் கிரீடோ முதலில் சுடுகிறான், குறி தப்புகிறது, பிறகுதான் ஹான் சுடுகிறான். ஒரு நொடி வித்தியாசம். இதற்கா இத்தனை வருஷச் சண்டை என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடியில்தான் ஹானின் குணம் இருக்கிறது. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் செய்கிறவன், கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான் என்பதுதான் அவன் கதை. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால், அவன் திரும்பி வருவதில் என்ன இருக்கிறது?

இதில் ஒரு முரண் உண்டு. 1988இல் இதே லூகாஸ் அமெரிக்க செனட்டின் முன் போய், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்துப் பேசியவர். கலைப்படைப்பைச் சிதைப்பவர்களைக் கடுமையான சொற்களில் சாடியவர். அவரைக் கேட்டால், அது மற்றவர் படத்தில் மற்றவர் கைவைப்பது, இது என் படத்தில் நான் கைவைப்பது என்பார். அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. செக் நாட்டு ரசிகர் ஒருவர், கிடைத்த எல்லாப் பிரதிகளிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி 1977 வடிவத்தை மீட்டார். இன்னொரு குழு பழைய 35 மி.மீ. பிரதிகளை ஸ்கேன் செய்தது. சட்டப்படி பார்த்தால் இரண்டும் திருட்டுதான். ஆனால் பல ஆண்டுகள் அந்தப் படத்தின் முதல் வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்தத் திருட்டுதான். 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தன் காப்பகத்திலிருந்த 1977 பிரதியை ஓட்டியபோது, அதுவே உலகச் செய்தி ஆனது.

இதே துறையில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஸ்பீல்பெர்க் 2002இல் 'ஈ.டி.' படத்தில் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்துவிட்டு வாக்கி-டாக்கிகளைக் கொடுத்தார். ஆனால் டிவிடியில் பழைய வடிவத்தையும் சேர்த்தே கொடுத்தார். பிறகு மாற்றியதற்காக வருந்தினார், 2012 ப்ளூ-ரேயில் பழைய படமே வந்தது. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்து, 1992இல் ஒரு வடிவம், 2007இல் இறுதி வடிவம் என்று மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் 2007இல் வந்த ஐந்து தட்டுப் பெட்டியில் ஐந்து வடிவங்களும் இருந்தன. அந்தப் படத்துக்கு ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், எது சிறந்தது என்று. எது காணாமல் போனது என்று சண்டை இல்லை.

*

சரி, இது வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, திண்டுக்கல்காரனுக்கு என்ன வந்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2022 டிசம்பரில் 'பாபா' மறுபடி வந்தது.

2002 ஆகஸ்ட் 15இல் வந்த படம். ரஜினிகாந்த் தானே எழுதித் தயாரித்தது, சுரேஷ் கிருஷ்ணா இயக்கியது. அந்த நாளில் அது வெறும் படம் இல்லை. இமயமலைக்குப் போகிறவன் கடைசியில் மக்கள் பக்கம் திரும்புகிற முடிவை, தமிழ்நாடே ஓர் அறிவிப்பாகத்தான் படித்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 கடைசி நாளில் அரசியலுக்கு வருவேன் என்றார், 2020 டிசம்பரில் வரவில்லை என்றார். 2022இல் நீளம் குறைத்து, நிறம் மாற்றி, சில இடங்களுக்கு ரஜினியே புதிதாகக் குரல் கொடுத்து வந்த 'பாபா'வில் முடிவு வேறாக இருந்தது.

மாற்றியவர் படத்துக்குச் சொந்தக்காரர். எழுதியவரும் அவர், நடித்தவரும் அவர். குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லைதான். ஆனால் 2002இல் தமிழ்நாடு எதை எதிர்பார்த்துக் காத்திருந்தது என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், அவருக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய முடிவுதான். தோற்ற படம் என்பதால் அது சரித்திரம் இல்லாமல் போய்விடாது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் 'ஆளவந்தான்'. இதுவும் சுரேஷ் கிருஷ்ணா இயக்கியதுதான். கமல்ஹாசன் தன் 'தாயம்' கதையிலிருந்து எழுதி 2001 தீபாவளிக்கு வந்து அடி வாங்கிய படம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியதை இரண்டு மணி நேரம் சொச்சமாகச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். பார்த்த நண்பன் ஒருவன், "இப்பதான்டா படமாட்டம் இருக்கு" என்றான். இன்னொருத்தன், "நந்துவோட பைத்தியத்தையே வெட்டிட்டாங்க, மிச்சம் என்ன இருக்கு?" என்று போனை வைத்துவிட்டான். இரண்டு பேரும் சரிதான் என்று எனக்குப் பட்டது. அந்தப் படத்தின் அளவு மீறல்தான் அதன் குறை, அதன் அழகும் அதுதான்.

மூன்றாவதுதான் பெரிய இடி. தனுஷ் நடித்து ஆனந்த் எல். ராய் இயக்கிய 'ராஞ்சனா' 2013 ஜூனில் இந்தியிலும், அடுத்த வாரமே 'அம்பிகாபதி' என்று தமிழிலும் வந்தது. காதலித்தவளின் வஞ்சத்துக்குப் பலியாகி, தெரிந்தே சாகிறவனின் கதை. 2025 ஆகஸ்ட் 1இல் அதன் தமிழ் வடிவத்தை உரிமை வைத்திருந்த நிறுவனம் மறுபடி வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றியிருந்தார்கள். செத்தவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் திறக்கிறான். இயக்குநர் எதிர்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் ஒப்புக்கொண்ட படம் இது இல்லை, இது அதன் உயிரையே எடுத்துவிட்டது என்ற பொருளில் தனுஷ் அறிக்கை விட்டார். நிறுவனம் அசரவில்லை.

இதை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கோபமாகச் சொன்னேன். அம்மா கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், "செத்த புள்ள பொழச்சு வந்தா நல்லதுதானப்பா, அதுக்கேன் இப்படிக் கத்துற?" என்றார். என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அந்த முடிவைத் தயாரித்தவர்கள் மனதில் வைத்திருந்தது என் அம்மாவைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு உண்டு. உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை ஆசிரியர் தடுக்கலாம். ஆனால் அதே சட்டத்தின்படி சினிமாவின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர். இயக்குநர் இல்லை. நடிகருக்கு 2012 திருத்தத்தில் 38பி பிரிவு வந்தது. தன் நடிப்பைச் சிதைத்தால் அவரும் கேட்கலாம், ஆனால் எடிட்டிங்குக்காகவோ நீளத்துக்காகவோ ஒரு பகுதியை நீக்குவது மட்டும் சிதைப்பு ஆகாது. அதாவது வெட்டினால் கேட்க வழியில்லை. அவர் நடிக்காத நடிப்பைச் சேர்த்தால்? இந்தக் கேள்வி வரும் என்று 2012இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

*

ஆனால் நம் மரபு இந்தக் கேள்வியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது.

கம்பராமாயணத்தில் 'வெள்ளிப் பாடல்கள்' என்று சில உண்டு. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தாமே பாடல்களை எழுதிக் கம்பனுக்குள் சேர்த்துவிட்டார் என்பது செவிவழிக் கதை. கம்பனின் பிழையைத் திருத்துவதாக நினைத்துத்தான் செய்தாராம். எல்லா இடைச்செருகலும் அவர் தலையில் கட்டப்பட்டதா, உண்மையில் அவர் எத்தனை எழுதினார் என்பது வேறு விஷயம். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் செய்ததுதான் முக்கியம். சந்தேகமான பாடல்களை எரிக்கவில்லை. 'மிகைப் பாடல்கள்' என்று தனியே பிரித்து அச்சிட்டார்கள். படிக்கிறவன் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடு ஏடாகத் தேடி அலைந்த கதை நமக்குத் தெரியும். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல் என்றால், தனக்குப் பிடித்ததை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் கொடுப்பது அந்த மரபு. பாடபேதம் என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு இது அன்றாடம். புதிய பதிப்பு வெளியிடுவோம், பழையதை அழிக்க மாட்டோம்.

சினிமாவுக்குத்தான் நம்மிடம் பாடபேதம் இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், திருத்தி வெளியிடப்படும் வடிவம் இன்னொரு வடிவமாக நிற்பதில்லை, ஒரே வடிவமாகிவிடுகிறது. பழைய சதுரப் படங்களை 'சினிமாஸ்கோப்' ஆக்குகிறோம் என்கிறார்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.37க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்ததை அகலம் குறையாமல் 2.35க்கு 1 என்று நிரப்பினால், உயரத்தில் 42 விழுக்காடு போய்விடும். மகுடமோ பாதமோ, ஏதோ ஒன்று இருக்காது.

எனக்கு எதிராக இருக்கும் சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் வந்த 'ஷோலே'யில் தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதாகத்தான் எடுத்திருந்தார்கள். நெருக்கடிநிலைக் காலத் தணிக்கை மாற்றச் சொன்னது. ஐம்பது வருஷம் நாடே பார்த்தது மாற்றிய முடிவைத்தான். 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யாவில் மீட்கப்பட்ட வடிவம் பழைய முடிவோடு திரையிடப்பட்டது. இங்கே எது மூலம்? எடுத்தவர் நினைத்ததா, ஊர் பார்த்ததா? கட்டாயம் ஒன்றைச் சொல் என்றால் என்னால் முடியாது. இரண்டும் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

*

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது டிவியில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையை நிரப்ப இழுத்து, எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், "இந்த எடத்துல ஒரு பாட்டு வரணுமே" என்றார்.

"வெட்டிருப்பாங்கப்பா."

"நம்ம கொட்டகையிலயும் வெட்டுவான். வேடசந்தூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தப்ப, கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்னு ஆபரேட்டரே ஒரு பாட்டைத் தூக்கிருவான். டவுனுக்குப் போயி முழுசாப் பாத்துட்டு வந்து, கொட்டகையில அந்தப் பாட்டு வராதப்ப சண்டைக்குப் போயிருக்கோம்."

அப்படியென்றால் மூலம் என்று ஒன்று எப்போதும் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. ஆனாலும் டவுனில் முழுப் படம் ஓடுகிறது என்று தெரிந்திருந்ததால்தான் அவர்களால் சண்டைக்குப் போக முடிந்தது.

"அந்தப் பாட்டு எப்படி இருக்கும்பா?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அவள் மாடிப்படியில் இறங்கி வருவாள் என்றார். இல்லை, தோட்டம் என்றார். பிறகு கையால் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "விடு, வந்தா தெரியும்" என்றார்.

அது வரவில்லை.