குழுவா, தனிவழியா? ஜார்ஜ் ஹாரிசன் குறித்த நெடுநாள் வழக்கு

பெரும்புகழ் எய்திய கூட்டம் ஒன்றினின்று பிரிந்து வந்த கலைஞனை எந்தக் கோலால் அளப்பது? கூட்டத்தோடு இருந்த நாளில் அவன் செய்தவற்றைக் கொண்டா? தனித்து நின்ற நாளில் செய்தவற்றைக் கொண்டா? கலையுலகில் இவ்வினா எக்காலத்தும் எழுவது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவில் கிதார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசனைக் குறித்து ரசிகர்களிடையே எழுந்த சொற்போரோ அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை.

மேலைநாட்டு ராக் இசைக்கும் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் ஐயுறலாம். இவ்வழக்கில் தில்லியும் பம்பாயும் சென்னையும் சாட்சிகளாக வந்து நிற்கின்றன. சிதாரோடு நம் வயலினும் மிருதங்கமும் வந்து நிற்கின்றன. அன்றியும், பெரிய வீட்டை விட்டு வந்து வேற்றூரில் தனி அடுப்பு மூட்டியவர்கள் நாம். பெரிய வீட்டினின்று பிரிந்து வந்த ஒருவரின் கதை நமக்கு அயலாகாது.

இளையவர் பெற்ற இடம்

ஹாரிசன் 1943 பிப்ரவரி 25-ஆம் நாள் லிவர்பூல் துறைமுக நகரில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1958-இல், பதினைந்து வயதளவில், ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் இருந்த குழுவில் சேர்ந்தார். அதுவே பின்னர் பீட்டில்ஸ் எனப் பெயர் பெற்றது. 1962-இல் ரிங்கோ ஸ்டாரும் வந்து சேர, உலகம் அறிந்த நால்வர் ஆயினர். நால்வரில் ஹாரிசனே இளையவர்.

லென்னனும் மெக்கார்ட்னியும் தாம் இயற்றிய பாடல்களுக்கு இருவர் பெயரையும் சேர்த்தே இடுவர். அவ்விணையின் ஆக்கம் வெள்ளம் போன்றது. அதனிடையே இளையவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? எண்களே விடை கூறும். 1966-இல் வந்த 'ரிவால்வர்' இசைத்தட்டில் 14 பாடல்கள், ஹாரிசனுடையவை 3. 1967-இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டில் 13-இல் 1. 1968-இன் இரட்டைத் தட்டில் 30-இல் 4. 1969-இன் 'அபே ரோடு' தட்டில் 17-இல் 2.

கிதார் வாசிப்பிலும் வியப்பான செய்திகள் உண்டு. 'ரிவால்வர்' தட்டின் முதற்பாடலான 'டாக்ஸ்மேன்' ஹாரிசன் இயற்றியது. ஆனால் அதன் நடுவே மின்னலெனப் பாயும் கிதார்த் தனிவாசிப்பு மெக்கார்ட்னியுடையது. 1968-இல் வந்த 'வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்' என்னும் பாட்டும் ஹாரிசனுடையதே. அதில் கிதாரை அழவைத்தவரோ, அவரே அழைத்து வந்த நண்பர் எரிக் கிளாப்டன்.

இவற்றையெல்லாம் காட்டித் தனிவழிக் கட்சியார் கேட்பர்: "ஆலமரத்தின் அடியில் வேறு மரம் தழைக்குமா? குழு இவரை மறைத்தது. வெளியே வந்த பின்னரன்றோ இவர் வளர்ந்தார்?" என்று. குழுக் கட்சியார் வாளா இருப்பரோ? "வெற்றிலைக் கொடியை அறியீரோ? அகத்தியின் நிழலும் கொம்பும் இன்றேல் அது வாடிவிடும். இடம் சிறிது என்பதனாலேயே ஹாரிசன் தம்முள் சிறந்ததை மட்டும் தேர்ந்து கொண்டுவந்தார். நண்பர்களின் இசையறிவும், ஒலிப்பதிவை நடத்திய ஜார்ஜ் மார்ட்டினின் கைத்திறனும் அதனை மெருகேற்றின. 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' ஆகிய இரண்டும் 'அபே ரோடு' தட்டில் வந்தவை. அவற்றை விஞ்சும் பாட்டை அவர் தனித்து இயற்றியதுண்டா?" என்பர். 1964-இல் குழுவில் அவர் வாசித்த 12 தந்திக் கிதாரின் ஒலியால் ஈர்க்கப்பட்டே அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழுவினர் தம் ஒலியை அமைத்துக்கொண்டனர் என்பதையும் எடுத்துக்காட்டுவர்.

பம்பாயில் தொடங்கிய தனிவழி

நிற்க. குழு பிரிந்த 1970-ஆம் ஆண்டையே இருசாராரும் எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். வரலாற்றை உற்று நோக்கின் அக்கல் சிறிது நகர்கிறது. 1965-இல் 'நார்வீஜியன் வுட்' என்னும் பாடலில் ஹாரிசன் சிதாரை மீட்டினார். 1966 ஜூலையில் தில்லி வழியே சென்றபோது, கன்னாட் பிளேஸில் இன்றும் பெயர்பெற்று விளங்கும் ரிக்கி ராம் கடையாரிடம் ஒரு சிதார் வாங்கினார். அவ்வாண்டே மீண்டும் இந்தியா வந்து, பண்டிதர் ரவிசங்கரிடம் பம்பாயிலும் காஷ்மீரத்திலும் பாடம் கேட்டார்.

1968 ஜனவரியில் ஒரு திரைப்படத்திற்கு இசையமைக்கும் பொருட்டுப் பம்பாய் எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்தார். சந்தூர் மேதை சிவகுமார் சர்மா, சரோட் வல்லுநர் ஆசிஷ் கான் முதலியோர் உடன் வாசித்தனர். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 'வொண்டர்வால் மியூசிக்' என்னும் அத்தட்டே பீட்டில்ஸ் நால்வருள் ஒருவர் தனித்து வெளியிட்ட முதல் இசைத்தட்டு. அதே பம்பாய்க் கூடத்தில் பதிவான மற்றோர் இசையோ 'தி இன்னர் லைட்' என்னும் பெயரில் பீட்டில்ஸ் குழுவின் தட்டாகவே வெளிவந்தது. ஒரே கூடம்; ஒரே நாட்கள்; ஒரு பாதி தனிக்கணக்கில், மறுபாதி குழுக்கணக்கில்! இரண்டையும் பிரித்துக் கோடு கிழிப்பது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிதாரில் மேதையாவதற்கு இளமை தொட்டே பயில வேண்டும் என்பதை உணர்ந்த ஹாரிசன், அவ்வாண்டிலேயே கிதாருக்குத் திரும்பினார். எனினும் கற்ற கல்வி வீண்போகவில்லை. கோட்டுவாத்தியத்தில் உருளையைத் தந்திமேல் நழுவவிட்டு வாசிப்பதை நாம் அறிவோம். அதுபோல, விரலில் மாட்டிய குழலைக் கிதார்த் தந்திமேல் நழுவவிட்டு வாசிக்கும் ஸ்லைடு முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் வளர்ந்த அம்முறையை ஹாரிசன் 1969-இன் இறுதியில் கைக்கொண்டார். சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே உள்ள வெளியைச் சிதாரில் கேட்டுப் பழகிய செவி, அங்கே தனக்குரிய குரலைக் கண்டுகொண்டது. அந்தக் குரல் குழுவின் பழைய தட்டுகளில் இல்லை. தனித்த பின்னரே முழுமையாக ஒலித்தது.

மூன்று தட்டுகளின் வெற்றி

1970 நவம்பரில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் பெயரில் மூன்று தட்டுகள் கொண்ட தொகுதியை ஹாரிசன் வெளியிட்டார். அமெரிக்காவில் ஏழு வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. அதில் அடங்கிய 'மை ஸ்வீட் லார்ட்' என்னும் பாடல், பிரிந்துபோன நால்வருள் ஒருவர் தனித்துப் பாடி முதலிடம் பெற்ற முதற்பாடல் ஆயிற்று. மூத்தவர் இருவரும் முந்துவர் என்று எதிர்பார்த்தவர்கள் வியந்தனர். தனிவழிக் கட்சியாரின் வலிய படைக்கலம் இத்தொகுதியே.

ஆயினும் அதன் பாடல்கள் பிறந்தது எங்கே? 'இஸ்ன்ட் இட் எ பிட்டி' 1966 அளவிலேயே உருவானது. தொகுதிக்குப் பெயர் தந்த பாடலை 1969 ஜனவரியில் குழுவினர் நால்வரும் ஒத்திகை பார்த்துக் கைவிட்டனர். அம்மாதம் 10-ஆம் நாள் ஹாரிசன் மனம் கசந்து குழுவை விட்டு வெளியேறி, சில நாள் கழித்துத் திரும்பியதும் உண்டு. 2021-இல் பீட்டர் ஜாக்சன் தொகுத்து வெளியிட்ட 'கெட் பேக்' படத்தில் இவற்றை நாம் கண்ணாரக் காணலாம். எனவே குழுவில் விதைத்து வெளியே அறுத்த பயிர் அத்தொகுதி. அதனைப் பதிவு செய்தபோது ரிங்கோ ஸ்டாரே உடனிருந்து மத்தளம் கொட்டினார்!

குழுக் கட்சியார்க்கு இங்கும் ஒரு வாதம் உண்டு. இசையமைப்பில் துணைநின்ற ஃபில் ஸ்பெக்டர் எதிரொலியை அளவுக்கு மீறிப் பெய்தார். வேண்டாம் என்று தடுக்கும் நண்பர் இல்லை என்பர். 2001-இல் மறுபதிப்பு வந்தபோது, அவ்வெதிரொலியைக் குறைக்க விரும்பியதாக ஹாரிசனே எழுதினார் என்பதை நோக்க, இவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது.

புகழின் விலை

1971 ஆகஸ்டு 1-ஆம் நாள், வங்காளதேசப் போரால் அல்லலுற்ற அகதிகளுக்கென ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று நியூயார்க்கில் இரு பேரிசை நிகழ்ச்சிகளை ஹாரிசன் நடத்தினார். ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். நுழைவுக் கட்டணமாகவே 2,43,000 டாலருக்கு மேல் திரண்டு யுனிசெப் நிறுவனத்திற்குச் சென்றது. பிற்காலத்து நிதி திரட்டும் ராக் நிகழ்ச்சிகளுக்கு அதுவே வழிகாட்டி.

மூன்றாண்டுகளில் காற்று திசைமாறியது. 1974 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஹாரிசன் வட அமெரிக்காவில் 45 நிகழ்ச்சிகள் நடத்தினார். ரவிசங்கர் தலைமையில் இந்தியக் குழுவொன்றையும் சம மதிப்புடன் மேடையேற்றினார். நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி இது: அக்குழுவில் எல். சுப்பிரமணியத்தின் வயலின் ஒலித்தது, டி. வி. கோபாலகிருஷ்ணனின் மிருதங்கம் முழங்கியது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இந்துஸ்தானி இசையில் புகழ்பெற்ற லட்சுமி சங்கர் பாடினார். ஆனால் வந்திருந்தோர் பலர் நாடியது பழைய பீட்டில்ஸ் பாட்டுகளை. ஹாரிசனோ அவற்றுள் சிலவற்றையே, அவற்றையும் சொல் மாற்றிப் பாடினார். தொண்டையும் கட்டிப்போயிற்று. விமரிசகர்கள் கடுமையாகச் சாடினர். அதன்பின் 1991-இல் ஜப்பானில் பாடும்வரை அவர் இசைச் சுற்றுலா எதுவும் மேற்கொள்ளவில்லை.

அடுத்த அடி நீதிமன்றத்தில் விழுந்தது. 'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் மெட்டு 1963-இல் வந்த ஓர் அமெரிக்கப் பாடலின் மெட்டையே ஒத்திருக்கிறது என்றும், அறியாமலே மனத்தடியிலிருந்து எடுத்தாண்டார் என்றும் 1976-இல் நியூயார்க்கில் தீர்ப்பாயிற்று. "குழுவில் இருந்திருந்தால் எவரேனும் சுட்டிக் காட்டியிருப்பர்" என்று குழுக் கட்சியார் இன்றும் சொல்வர். அது வெறும் யூகம். ஆயினும் கூட்டத்தில் வாழ்வோன் பெறும் காவலை நன்கு உணர்த்தும் யூகம்.

1987-இல் 'கிளவுட் நைன்' தட்டால் ஹாரிசன் மீண்டும் எழுந்தார். மறு ஆண்டில் அவர் செய்ததை ஆய்வோர் ஊன்றி நோக்க வேண்டும். பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின் ஆகியோரோடு 'டிராவலிங் வில்பரிஸ்' என ஒரு புதுக்குழுவை அமைத்தார். ஐவரும் தம் பெயரை மறைத்து, ஒரு வீட்டுச் சகோதரர்போல் புனைபெயர் சூடினர். ஆகவே அவர் வெறுத்தது குழு வாழ்க்கையை அன்று. குழுவினுள் நிலவிய ஏற்றத்தாழ்வையே. மூத்தோர் இளையோர் இல்லாத குழு கிடைத்தபோது மகிழ்ந்து பாடினார்.

திரும்பி வந்த ஒலி

1995-இல், மறைந்த லென்னன் விட்டுச்சென்ற ஒரு குரற்பதிவை ஏனைய மூவரும் நிறைவுசெய்து, 'ஃப்ரீ அஸ் எ பேர்ட்' என்று பீட்டில்ஸ் பெயரிலேயே வெளியிட்டனர். அதில் உருகி ஒலிப்பது ஹாரிசனின் ஸ்லைடு கிதார். 1996-இல் ரவிசங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' ஒலிப்பதிவை நடத்தச் சென்னைக்கும் வந்து பணியாற்றினார். 2001 நவம்பர் 29-இல் மறைந்தார். அவர் மகன் டானியும் ஜெஃப் லின்னும் நிறைவுசெய்த இறுதித் தட்டில் 'மார்வா புளூஸ்' என்னும் சொல்லற்ற கிதார் இசை ஒன்றுண்டு. இந்துஸ்தானி மார்வா ராகத்தின் பெயர் தாங்கிய அதற்கு 2004-இல் கிராமி விருது கிடைத்தது.

2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் இறுதிப்பாடல் என 'நவ் அண்ட் தென்' வெளிவந்தது. ஹாரிசன் 1995-இல் வாசித்துவைத்த கிதார் அதில் சேர்க்கப்பட்டது. ஸ்லைடு தனிவாசிப்பை மெக்கார்ட்னி வாசித்தார்; மறைந்த நண்பருக்கு வணக்கமாக, அவர் பாணியிலேயே வாசித்தார். 1966-இல் இளையவரின் பாட்டில் தம் பாணியில் கிதார் வாசித்த அதே கை, 57 ஆண்டுகள் கழித்து இளையவரின் பாணியைத் தேடிப் பிடித்தது!

வழக்கின் முடிபு இதனுள் அடங்கியுள்ளது. பாட்டைத் தேர்ந்து செதுக்கும் அடக்கத்தைக் குழு தந்தது. தன் குரலைத் தேடும் வெளியைத் தனிவாழ்வு தந்தது. ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்ப்போர் தராசின் ஒரு தட்டையே காண்கின்றனர். தனித்துச் சென்று தேடிய ஒலியைக் கொண்டே பெரிய வீடு அவரை நினைவுகூர்ந்தது. பிரிந்து சென்றோர் பெரிய வீட்டுக்குத் திருப்பித் தரும் சீர் இதனினும் உயர்ந்தது ஏது? அதனைப் பெற்றுக்கொள்ளும் செவி வீட்டாருக்கும் வேண்டும்.