இலை கொடுத்த அளவு



சில மாதங்களுக்கு முன் வீட்டுக் கத்தியொன்றுக்குப் பிடி போடுவதற்காகக் கலேவெலப் பக்கத்திலுள்ள ஒரு கொல்லுப்பட்டறைக்குச் சென்றிருந்தேன். பழைய லொறியின் ஸ்பிரிங் தகட்டைக் காய்ச்சிக் கத்தியும் கோடரியும் அடிக்கின்ற, சாலையோரத்துச் சிறு பட்டறை. அங்கிருந்த சிங்களப் பாஸ் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், கத்தி யாருக்கு?” என்று தமிழிலேயே கேட்டார். “வீட்டில் என் மனைவிக்கு” என்றேன். “அப்போ அவங்க கை எவ்வளவு? உங்க கைக்குப் போட்டா அவங்களுக்கு நோவு வரும்” என்றார். அன்று பிடி போடாமலேயே திரும்பினேன். மறுநாள் மனைவியின் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்துக் கோடு இழுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ் சிரித்தார். ஆனால் பிடி கச்சிதமாக அமைந்தது.

இந்த நிகழ்ச்சி என் நினைவில் தங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வாரத்தில்தான் வகுப்பில் வல்வில் ஓரியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பிலே தங்கிற்று என்று வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடலை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அந்த வில்லைச் செய்தது யார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று பட்டறையில் நின்றபோதுதான் உறைத்தது. அந்த மாணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நமது இலக்கியத்தில் வில்லுக்குக் குறைவில்லை. சேரனின் கொடியில் வில். இராமனுக்குக் கோதண்டம், அருச்சுனனுக்குக் காண்டீபம், திருமாலுக்குச் சார்ங்கம். வேடர் குலத்துத் திண்ணனாருக்கு விழா எடுத்து வில் பயிற்றிய செய்தியைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. ஆனால் வில்லைச் செய்த கையைத் தேடினால் சொற்களுக்குள்தான் தேட வேண்டியிருக்கின்றது. ‘சிலை’ என்ற சொல்லுக்கு வில் என்றும், வில் செய்யப் பயன்படும் ஒருவகை மரம் என்றும் அகராதி பொருள் கூறுகின்றது. ‘சார்ங்கம்’ என்ற வடசொல்லோ கொம்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்று மர வில். மற்றது கொம்பு சேர்த்துச் செய்த வில். உலகத்து வில்களின் இரு பெருங் குடும்பங்களும் நமது இரு சொற்களில் அடங்கிவிடுகின்றன.

இந்த இரண்டையும் சற்று விளக்க வேண்டும். மர வில் ஆளுயரத்தை ஒட்டியது. இங்கிலாந்தின் நெடுவில் யூ மரத்தால் ஆனது. 1415 இல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் பிரெஞ்சுக் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்தியது அதுவே. 1545 இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலை 1982 இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. மற்ற வகை, நுனிகள் முன்புறமாக எதிர்த்து வளைந்த குட்டையான வில். மரத்தின் உட்புறத்தில் கொம்பும் வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வில்லை வளைக்கும்போது உட்புறம் நசுங்குகின்றது, வெளிப்புறம் இழுபடுகின்றது. நசுங்குவதைக் கொம்பு தாங்கும், இழுபடுவதை நார் தாங்கும். குதிரைமேல் இருந்து எய்த மங்கோலியருக்கும் துருக்கியருக்கும் இதுவே உகந்தது. ஆனால் ஈரக் காற்றில் பசை நெகிழ்ந்துவிடும். மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் நமது காட்டுக்கு மர வில்லே ஏற்றது. நமது நாட்டு வேடர் கையில் இருந்ததும் அதுவே.

இலங்கையில் வில்லின் பழைமை வியப்பூட்டுவது. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையில் கிடைத்த எலும்புக் கருவிகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2020 இல் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கிருந்த 130 எலும்பு முனைகளில் அம்பு நுனிகளாகப் பயன்பட்டதற்கான தேய்வுகளும் முறிவுகளும் காணப்பட்டன. காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்கு அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய சான்று இதுவே என்று அவர்கள் கூறினார்கள். குரங்கும் அணிலும் மரத்தின் உச்சியில் தாவும் மழைக்காட்டில் ஈட்டி பயன்படாது, அம்புதான் எட்டும்.

எலும்புக்குப் பின் இரும்பு வந்தது. கலேவெலயிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதையில், தம்புள்ளையை அண்மிக்கும்போது இப்பன்கட்டுவ என்னும் இடம் வருகின்றது. கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்த ஈமக் குழிகள் அங்கே உள்ளன. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 700 முதல் 400 ஆண்டுகள் முற்பட்டவை. மட்கலங்களோடும் மணிகளோடும் இரும்புப் பொருட்களும் அங்கே கிடைத்தன. அப்பால் சீகிரியப் பக்கத்தில் அலகொலவெவ என்ற இடத்தில் பழைய இரும்பு உலைகளை 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய அகழ்வுகள் வெளிக்கொணர்ந்தன. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு கடக்கும் இந்தப் பிரதேசம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலைப் புகை எழுந்த மண்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகின்றேன். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679 இல் தப்பினார். 1681 இல் அவர் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி ஒரு குறிப்பு வருகின்றது.

வேடருக்குக் காடு தெரியும், மரம் தெரியும். ஆனால் இரும்பு உருக்கும் தொழில் அவர்களிடம் இல்லை. அம்பின் அலகு வேண்டுமானால் ஊர்க் கொல்லனிடம் வர வேண்டும். அவர்களோ ஊரவர் கண்ணில் பட விரும்பாதவர்கள். ஆகவே இரவில் வருவார்கள். ஒரு சுமை இறைச்சியைக் கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்கள். அதன் பக்கத்தில் ஓர் இலையையும் தொங்கவிடுவார்கள். தமக்கு எந்த வடிவில் அலகு வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய இலை! விடிந்ததும் கொல்லன் இலையைப் பார்ப்பான். அதன்படி அலகை அடித்து, இறைச்சி தொங்கிய அதே இடத்தில் வைத்துவிடுவான். இரவில் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பின்னர் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுத்து நன்றி தீர்ப்பார்கள். கொல்லன் செய்யாமல் விட்டாலோ, என்றாவது ஓர் இரவில் அவன்மேல் அம்பு பாயும் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார்.

நேயர்களே, இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணிப் பாருங்கள். முகம் தெரியாது. பேச்சில்லை, எழுத்தில்லை, முத்திரையில்லை. ஓர் இலைதான் சாட்சி. இதில் அச்சமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சம் மட்டும் இருந்தால் மேலும் இறைச்சி வராது. கொல்லன் இலையின் அளவை மதித்தான். வேடன் கொல்லனின் உழைப்பை மதித்தான். என் மனைவியின் கையை வரைந்த தாளும் அந்த இலையின் இனத்தைச் சேர்ந்ததுதான். எனவே ‘வில்லைச் செய்தது யார்?’ என்ற மாணவனின் கேள்விக்கு நமது நாட்டளவில் விடை இதுவே: மரத்தைத் தேர்ந்து சீவி வளைத்தவன் எய்தவனே. அம்பின் அலகைச் செய்தவன் அவன் முகமே அறியாத ஓர் ஊர்க் கொல்லன். இருவர் சேர்ந்துதான் ஓர் எய்தல்.

வில் செய்வது மரத்தை வெட்டி நாண் கட்டுவதோடு முடிவதன்று. நேரான மரமாகப் பார்த்து வெட்டி, நிழலில் காயவிட்டு, நார் ஓடும் வழியை அறுக்காமல் சீவ வேண்டும். சற்று வளைத்துப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் கூடுதலாக வளைந்தால் மறுபக்கத்தைச் சீவ வேண்டும். மீண்டும் வளைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சீவல் கூடினால் வில் வலுவிழக்கும். அவசரப்பட்டு இழுத்தால் ஒடியும். இத்தனையும் ஒருவரது தோளுக்கும் கை நீளத்துக்கும் ஏற்றபடி. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இங்கு வந்து ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் வேடரின் வில், மயிலிறகு கட்டிய அம்பு, பெரிய அலகுடைய சடங்கு அம்பு ஆகியவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்த நூல் 1911 இல் வெளிவந்தது.

அதே 1911 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இன்னொரு நிகழ்ச்சி. குடியேறியவர்களால் தம் இனம் அழிக்கப்பட்ட நிலையில், யாகி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் பசியோடு காட்டிலிருந்து வெளியே வந்தார். இஷி என்று அவரை அழைத்தார்கள். பல்கலைக்கழக நூதனசாலை ஒன்றில் தங்கவைத்தார்கள். அவருக்கு மருத்துவம் பார்த்த சக்ஸ்ரன் போப் என்ற வைத்தியர், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை அளந்து வில்லின் நீளத்தைக் குறிக்கும் இஷியின் முறையையும் எழுதிவைத்தார். 1916 இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923 இல் நூல் எழுதினார். அதைப் படித்தவர்கள் தாமும் மரத்தைச் சீவத் தொடங்கினார்கள். இன்று மேலை நாடுகளில் ஒவ்வொருவர் உடலையும் அளந்து நெடுவில்லும் எதிர்வளைவு வில்லும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல உள்ளன. அந்த மரபு புத்துயிர் பெற்றதில் இஷிக்கும் பங்குண்டு.

ஓர் இனத்தையே அழித்த நாடு, அதன் கைத்திறனைக் காப்பாற்றிப் பெருமை கொள்வதில் உள்ள கொடுமை என்னைச் சுடாமல் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு படித்த மனிதர் பழங்குடி மனிதரின் காலடியில் மாணவராக அமர்ந்தார். இங்கே நாம் எழுதினோம், படம் பிடித்தோம், வில்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். மாணவராக அமர்ந்தவர் யார்?

இதற்கிடையில் வில்லுக்கு வேலையும் இல்லாமற் போயிற்று. 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானை வேடர்களின் வேட்டைக் காடு சட்டத்தின் எல்லைக்குள் போயிற்று. காட்டையும் விலங்கையும் காப்பது அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் காட்டைக் கெடுக்காமல் காலங்காலமாக வாழ்ந்தவர்களே முதலில் வெளியேற நேர்ந்தது. அவர்களின் முதுபெரும் தலைவர் திசஹாமி 1998 இல் மறைந்தார். அவர் மகன் வன்னில அத்தோ தலைமையேற்றார். இன்று தம்பானைக்குப் போகின்றவர்களுக்கு வில் வளைத்துக் காட்டுகின்றார்கள். நினைவுப் பொருளாகச் சிறு வில்களும் விற்கின்றார்கள். அவற்றை வாங்குபவரின் தோளை யாரும் அளப்பதில்லை. அளக்கத் தேவையும் இல்லை. அது சுவரில் தொங்கப் போகின்ற வில்.

கைத்தொழில் பிழைப்பதற்கு வேறு வழியே இல்லையா? நமது மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கின்றது. ஹப்புவித என்னும் கிராமத்தில் அரக்கை இளக்கி, நூல்போல் இழுத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பூவேலை செய்யும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கைவினைகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1908 இல் பெருநூல் செய்தார். அரசனும் கோயிலும் கேட்ட வேலையை இன்று உல்லாசப் பயணிகள் கேட்கின்றார்கள். வேலை மாறவில்லை, கேட்பவர் மாறினார்கள், அரக்கு பிழைத்தது. வில்லுக்கும் அவ்வாறு ஒரு வழி அமையலாம். அம்பெய்தல் இன்று உலக விளையாட்டு. வேட்டையாடாமலே வில் வளைக்கலாம். தம்பானையின் முதியவர் ஒருவரிடம் பத்துப் பிள்ளைகள் அமர்ந்து ஒரு வில்லையேனும் தம் தோள் அளவுக்குச் செய்யக் கற்றால், அது நூறு கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு காரியம் செய்ய வேண்டும். பாடசாலைகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசும்போது ‘வேடன்’ என்று சொல்வதை நான் கேட்டிருக்கின்றேன். கதிர்காமத்தில் வள்ளியம்மையை வணங்குகின்றோம், அவள் பிறந்த குடியின் பெயரை வசையாக வைத்திருக்கின்றோம். கண்ணப்பர் குருபூசையன்று உருகுகின்றோம், மறுநாள் அந்தச் சொல்லால் ஒரு பிள்ளையைக் கூசவைக்கின்றோம். கிழக்கிலே, வாகரைப் பக்கத்திலே தமிழையே தாய்மொழியாகப் பேசும் வேடர்கள் இருக்கின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம்?

மறு வாரம் வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சிரித்ததற்கு வருந்துகின்றேன் என்றும் சொன்னேன். பிறகு நொக்ஸின் கதையைக் கூறி, ஆளுக்கோர் இலையைப் பறித்துவந்து அம்பு அலகின் வடிவில் வெட்டச் சொன்னேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது வடிவங்கள். ஒன்றைப்போல் ஒன்றில்லை. அவன் வெட்டிய இலையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாஸிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வெட்டியது, எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

“நாளைக்கு வாங்க மாஸ்டர், அடிச்சு வைக்கிறேன்” என்றார்.