பசை உணவாக இருந்த காலம்
நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் பலாப்பழம் அறுப்பவர்கள் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பலாப்பால் ஒட்டினால் லேசில் விடாது. அந்தப் பாலைக் காய்ச்சி விரிசல் விட்ட பானையை அடைத்த காலம் உண்டு. காகிதத்துக்குச் சோற்றுப் பருக்கை போதும். கருவேலம் பிசின் கோந்தானது. மைதாவும் புளியங்கொட்டை மாவும் பசையாயின. ஒட்டுவதில் பெரும்பகுதி உண்பதாகவே இருந்தது. ‘பசையைத் தின்றால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் மிச்சம்தான். அதை இன்றும் நம்புவது ஆபத்து.

அந்த நாளிலேயே அது முழுக்கச் சரியில்லை. மைதாப் பசை இரண்டு நாளில் புளிக்கும், பூச்சி அரிக்கும். அதற்காகப் புத்தகம் கட்டுபவர்களும் சுவரொட்டி ஒட்டுபவர்களும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தார்கள். கிண்டும்போது பசை இளநீலமாக மாறும். மாவு தீங்கற்றது, கலந்த துத்தமோ வயிற்றைப் புண்ணாக்கும், அளவு மிஞ்சினால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். துத்தம் தின்று வந்த நோயாளிகளைப் பற்றி 1960களில் டெல்லி மருத்துவர்கள் விரிவாகவே எழுதினார்கள்.

1959இல் பெவிகால் வந்தது. இத்தகைய வெள்ளைப் பசையைக் குழந்தை சிறிது நக்கினால் பெரும்பாலும் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘கம்’ என்ற ஒரே பெயர். உடனடியாக ஒட்டும் சிறு டியூப் பசை எச்சில் பட்டதுமே இறுகிப் பல்லிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோல் கிழியும். மரவேலைக்கான பாலியூரித்தேன் பசை இன்னும் கொடியது. இரைப்பையின் ஈரம் பட்டதும் நுரைத்துப் பல மடங்கு பெருகிக் கட்டியாகிவிடும். அதைக் கரைக்க மருந்து கிடையாது. இதை விழுங்கிய நாய்கள் பலவற்றுக்கு வயிற்றைத் திறந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைத்துப் பெரியவர்கள் பிழைக்க வைக்கவில்லையா என்பார்கள். அன்றைய மருத்துவமும் அப்படித்தான் நினைத்தது. வாந்திக்காக மருத்துவர்களே மயில்துத்தம் கொடுத்த காலமும் இருந்தது. அதுவே நஞ்சென்று கண்டு கைவிட்டார்கள். வீட்டு வைத்தியம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. வாந்தியோடு மேலே வரும் பசை மூச்சுக்குழாயில் இறங்கலாம். உப்பு மிகுந்தால் அதுவே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

ஆகவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். டியூபையோ டப்பாவையோ கையோடு கொண்டுபோங்கள். குழந்தை விழுங்கியது எந்தப் பசை என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் அறிய முடியும்.