நோயாளர் எண்ணிக்கையும் ஒட்டுண்ணியின் பன்மையும்: கிரானிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் வயது வந்தவர்களுக்கு மலேரியா பட்டறிந்த நோய். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பாடநூற் சொல். 1999இல் இலங்கையில் 264,549 பேருக்கு மலேரியா பதிவானது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புச் சான்றளித்தது. நோயாளர் குறையக் குறைய ஒட்டுண்ணியும் நலிந்து, ஒரே சாயலுள்ள சில வகைகளாகச் சுருங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மரபணுச் சான்று அந்த நினைப்புக்கு இடந்தரவில்லை.

சர்மினி குணவர்தன, நதீரா கருணவீர முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இலங்கை, மியன்மார், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் வைவாக்ஸின் 425 மாதிரிகளை 12 மைக்ரோசாட்டலைட் மரபணுக் குறிகளால் ஒப்பிட்டது. எழுந்தமானமாக எடுத்த இரண்டு ஒட்டுண்ணிகள் ஒரு குறியில் வேறுபட்டிருக்கும் வாய்ப்பு எத்தியோப்பியாவில் 0.7517, மியன்மாரில் 0.8450, இலங்கையில் 0.8610. மலேரியா நிலையற்றுப் பரவிய இச்சிறு தீவுதான் மூன்றிலும் முதலிடத்தில் நிற்கிறது! மொத்த மாதிரிகளில் ஏறத்தாழ 65 வீதமானவை ஒரே உடலில் பல வகைகளைக் கொண்டிருந்தன.

இதற்குக் காரணம் வைவாக்ஸின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. அது ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும். பழைய கடியில் வந்த வகையும் புதிய கடியில் வந்த வகையும் ஒரே குருதியில் சேரலாம். அந்தக் குருதியை உறிஞ்சிய நுளம்பின் குடலில் அவை கலந்து புதுச் சேர்க்கைகளை ஈனும். ஆகவே நோயாளர் பட்டியல் சுருங்கும் வேகத்தில் மரபணுச் சேமிப்பு சுருங்குவதில்லை.

அப்படியானால் பன்மை ஒழிப்பைத் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, தடுக்கவில்லை என்பதே உண்மை. பன்மையின் பயன் வேறிடத்தில் உள்ளது. அதே ஆய்வில், திடீர்ப் பரவலின்போது எடுத்த இலங்கை மாதிரிகள் தமக்குள் நெருங்கித் திரண்டு நின்றன. பின்னணி இவ்வளவு பன்மையாக இருந்ததால்தான் அந்த நெருக்கம் துலங்கியது. இனி ஒரு காய்ச்சல் வெளிநாட்டிலிருந்து வந்ததா, இங்கேயே கைமாறியதா என்று துப்பறிய இதைவிட நல்ல தடயம் குறைவு.

இன்னொரு ஒட்டுண்ணி நோயான தோல் லீஷ்மேனியாசிஸ் இதே பாடத்தை வேறு வகையில் தருகிறது. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கிக் கலா-அசாரை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனொவானி, இலங்கையில் பெரும்பாலும் தோற்புண்ணாகவே வெளிப்படுகிறது. இங்குள்ளது மொன்-37 எனும் உட்பிரிவு. இனத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் போதாது.

மட்டக்களப்பு வாவிப் பகுதிக்கு மலேரியா தூரத்துச் செய்தியல்ல. நன்னீரில் பெருகுவதாகக் கருதப்பட்ட மலேரியா நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இம்மாவட்டத்தில் உவர்நீரிலும் பெருகுவதை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கிரானுக்கு அயலிலுள்ள வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அதில் பங்கேற்றனர். மன்னாரில் 2016இல் இன்னொரு மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது அப்பாலுள்ள வயல்களிலும் மாட்டுப்பட்டிகளிலும் இருப்பவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்துசேர்வதே பாடு. நுளம்பு இருக்கிறது; ஒட்டுண்ணி மட்டுமே வெளியில் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு மலேரியாத் தொற்றின் மரபணு வகையும் பதியப்பட வேண்டும். பழைய குருதி மாதிரிகள் எங்கிருந்தாலும் அவை வீசப்படாமல் காக்கப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கிழக்கில் வைத்துப் பேணும் பொறுப்பை வந்தாறுமூலை ஏற்க வேண்டும்.